பதினேழுக்கு மேல்

நாற்பது கிலோ மூட்டை
பதினெட்டு வருசமாக ஏறி இறங்கிய கழுத்து.
குனி என்றால் குனியும்.
அண்ணாந்து பார் என்றால்
துருப்பிடித்த கீல் மாதிரி முனகும்.

இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டுதான்
நாகூரில் ஹமீது சுல்தான் கடையில்
பைனாகுலர் வாங்கினேன்.
கப்பல்காரர் யாரோ விற்றுவிட்டுப் போனது.
கடலைப் பார்க்கச் செய்தது, நேராக நீட்டினால் சுகம்.
எனக்கு வேண்டியதெல்லாம்
நடு உச்சியில் இருந்தது.

மாசி பிறந்திருந்தது.
பாமணியாற்றுக் கரைக் கொள்முதல் நிலையத்தில்
பகலில் சுமை, ராத்திரியில் காவல்.
எட்டரைக்குத் திருவாதிரை
தலைக்கு நேரே சிவந்து நிற்கும்.
முதல் நாள் நின்றபடியே பார்த்தேன்.
மூன்று நிமிசம்.
பிடரியில் தேள்.

மறுநாள் பட்டியல் எழுத்தர் மதலைமுத்துவின்
பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரில் சாய்த்தேன்.
கால்கள் வழுக்கின. விழுந்ததும்
இடுப்பைத் தடவவில்லை,
கண்ணாடியைத்தான் தடவினேன்.

அப்புறம் வெறுந்தரையில் சாக்கை விரித்து மல்லாந்தேன்.
கழுத்துக்குக் கேடில்லை.
முழங்கை இரண்டும் அந்தரத்தில்.
நெஞ்சு அடிக்கிற அடிக்கெல்லாம் வானம் குதித்தது;
அத்தனை நட்சத்திரத்திலும்
என் நாடியே ஓடியது.

நெல் குவியல் தோன்றியது அதற்கடுத்துத்தான்.
ஆனால் குவியல் குணசுந்தரியுடையது.
ஒன்பது நாளாகக் காத்துக் கிடக்கிறாள்.
ஈரம் பதினேழைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள்,
அவள் நெல் பத்தொன்பதில் நிற்கிறது.
கேட்டேன்.
"நெல்லுல காலு படக்கூடாது."
"முதுகு?"
கொஞ்சம் யோசித்தாள்.
"முதுகுதானே தூக்குது. படட்டும்."

சுணைக்குப் பயந்து போர்வை விரித்து,
பாதம் வெளியே தொங்க,
கிழக்குச் சரிவில் சாய்ந்தேன்.
நெல் கொஞ்சம் விலகிக் கொடுத்தது,
கொஞ்சம் பிடித்துக்கொண்டது.
இடுப்புக்குப் பள்ளம் பறித்தது.
எத்தனையோ மூட்டை சுமந்த கழுத்துக்கு
ஒரு மேடு வைத்தது.
முழங்கைகளைப் புதைத்தேன். அவ்வளவுதான்,
கைக்கு வேலை இல்லை.
கருவி புருவத்தெலும்பில் தானாக உட்கார்ந்தது.

வானம் நின்றது.

பதினொன்றேகாலுக்குப் பூசம் உச்சிக்கு வந்தது.
வெறுங்கண்ணுக்கு ஊதிவிட்ட புகை.
உள்ளே பார்த்தால்
முறத்தில் புடைத்தபோது தெறித்த நொய்,
பொறுக்க ஆளில்லாமல்.
"ஒருதரம் குடு" என்று
தன் நெல்லிலேயே தான் சாய்ந்தாள் குணசுந்தரி.
ரொம்ப நேரம் பேச்சில்லை.
தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.
அப்புறம் கேட்டாள்:
"இதுல ஈரம் எவ்வளவு இருக்கும்?"

கண்ணாடி மங்கியது. வேட்டியால் துடைத்தேன்.
திரும்பவும் மங்கியது.
அப்போதுதான் புரிந்தது, பனி.
மேகமில்லாத ராத்திரி எனக்குக் கொடுத்ததை
அவள் நெல்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது.
எழுந்து ஓடினோம்.
தார்ப்பாயை இழுத்து மூடி
நாலு முனைக்கும் செங்கல் வைத்தோம்.
அதற்குள் பூசம் மேற்கே சரிந்திருந்தது.

காலையில் மதலைமுத்து ஒரு பிடி நெல்லை
மீட்டருக்குள் போட்டார்.
பதினெட்டரை.
உதட்டைப் பிதுக்கினார். "இன்னிக்கும் காயட்டும்."

குணசுந்தரி பாயை விலக்கிக்
காலால் அல்ல, பலகையால் கிளறத் தொடங்கினாள்.
சரிவில் என் முதுகின் அச்சு
அப்படியே இருந்தது.
அதைக் கடைசியில்தான் கலைத்தாள்.

பதினெட்டரை என்றதும்
எனக்குள் ஒன்று சந்தோசப்பட்டதே,
அதை அவளிடம் சொல்லவில்லை.
துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு
அடுத்தவர் மூட்டைக்குக்
கழுத்தைக் கொடுத்தேன்.